தர்மா அடித்த கோலும் பத்மா போட்ட பதிவும்

சுங்கை ரூசா தேயிலைத் தோட்டத்துக் காற்பந்துக் குழுவுக்கு முகநூலில் ஒரு பக்கம் தொடங்கப்பட்டது 2013 மார்ச் 17, ஞாயிற்றுக்கிழமை. தொடங்கியவள் பத்மா. செயலவை கூடித் தீர்மானம் போட்டுத் தொடங்கியதாகப் பிற்பாடு சிலர் சொல்லிக்கொண்டார்கள். அப்படி ஒரு தீர்மானம் இல்லை. நடந்தது இதுதான். பத்மாவின் கணவர் லிங்கேஸ்வரன் 1998 முதல் 2009 வரை குழுவின் கோல் காவலர். தோட்டத்தை விட்டுக் கிள்ளான், ஜொகூர், சிங்கப்பூர் என்று போய்விட்டவர்கள் ஞாயிறு தோறும் அவருக்குத்தான் போன் செய்து முடிவு கேட்பார்கள். அன்று பதினான்கு அழைப்புகள். போட்ட சோறு ஆறி விறைத்துப் போயிற்று. பத்மா அவர் கையிலிருந்து போனைப் பிடுங்கி, எல்லாரும் ஒரே இடத்தில் வந்து பார்த்துக்கொள்ளட்டும் என்று அந்தப் பக்கத்தைத் திறந்தாள்.

அதற்கு முன் பத்மாவின் பேச்சுக்கு யாரும் காத்திருந்ததில்லை. 1979இல், தோட்டத்து வரிசை வீடுகளில் நான்காம் லைனில் பிறந்தவள். அம்மா வடிவம்மாள் முப்பத்தோரு வருடம் கொழுந்து பறித்தவர். அக்கா ரஞ்சிதம் பாட்டுக்காரி, அழகி. பெண் கேட்டு வந்தவர்கள் எல்லாம் ரஞ்சிதத்தைத்தான் கேட்டார்கள். பத்மா பள்ளியில் எஸ்.பி.எம். தேர்வு முடித்து, தானா ராத்தா டவுனில் எழுதுபொருள் கடையில் ஆறு வருடம் நின்று, 2002இல் கல்யாணம் செய்து, 2006இல் கியா பார்மில் சாலையோரம் சொந்தக் கடை போட்டாள். ஸ்ட்ராபெரி, அவித்த சோளம், சர்க்கரைவள்ளிக் கிழங்கு. அப்படிப்பட்டவளின் பக்கத்தை 2,316 பேர் பின்தொடர்ந்தார்கள். ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு அவள் எழுதப்போகும் ஒரு வரிக்காக அத்தனை பேர் காத்திருந்தார்கள்.

அவள் எழுதுவதில் ஒரு முறை இருந்தது. கோல் அடித்தவனை வெறும் பெயரால் எழுத மாட்டாள். தோட்டத்தில் தர்மா என்ற பெயரில் மூன்று பேர், ஜீவன் என்ற பெயரில் இரண்டு பேர் இருந்தார்கள். அதனால் எந்த லைன், யாருடைய பிள்ளை என்பதைச் சேர்த்தே எழுதுவாள். 'இரண்டாம் லைன் மாரியம்மா பேரன்' என்று போட்டால், இருபது வருடம் தோட்டத்துப் பக்கமே வராதவர்கள்கூட, மாரியம்மா வீட்டுப் பிள்ளையா இது, இவ்வளவு வளர்ந்துவிட்டானா என்று கீழே எழுதத் தொடங்கிவிடுவார்கள். ஆட்டத்தைவிட அந்தப் பேச்சு நீளமாகப் போகும்.

இன்னொரு வழக்கமும் உண்டு. திடல் மலைச் சரிவை வெட்டிய ஒரு படியில் இருக்கிறது. பிற்பகலில் மூடுபனி இறங்கினால் நடுக்கோட்டில் நிற்பவருக்குக் கோல் கம்பம் தெரியாது. ஆகவே ஒவ்வொரு கம்பத்துக்குப் பின்னாலும் ஒருவர் நிற்பார். அவரைக் கம்பத்துக்காரர் என்பார்கள். கோல் விழுந்தால் அவர் நடந்து வந்து, அடித்தது யார் என்று நேரில் சொல்வார். அவர் வர இரண்டு நிமிடம் ஆகும், சில நாள் மூன்றும் ஆகும். அவர் சொன்ன பிறகுதான் பத்மா எழுதுவாள். வடக்குக் கம்பத்துக்காரர் லிங்கேஸ்வரன். பத்து வருடங்களில், நோய்க் காலத்தில் ஆட்டம் நடக்காத மாதங்கள் போக, 212 ஆட்டங்கள். ஒரு பெயர் தப்பியதில்லை.

துளசி வந்தது 2022 ஜனவரியில். தைப்பிங்கைச் சேர்ந்தவள், வயது இருபத்தொன்பது, தானா ராத்தாவில் ஆசிரியையாக மாற்றலாகி வந்தவள். ஒரு ஞாயிறு ஆட்டம் பார்க்க வந்தாள். மறு வாரமே குழுவின் செயலாளர் செல்வராஜுவிடம் அனுமதி கேட்டு, குழுவின் பெயரில் ஒரு டிக்டாக் கணக்கைத் திறந்தாள். செல்வராஜு காய்கறி லோரி ஓட்டுபவர். டிக்டாக் என்றால் ஏதோ சமையல் காணொளி என்று நினைத்துச் சரி என்றார்.

வெளிநாட்டுப் பெரிய குழுக்கள் ரசிகர்களைக் கட்டிப்போட என்னவெல்லாம் செய்கின்றனவோ அதையெல்லாம் துளசி தோட்டத்தில் கிடைத்ததை வைத்தே செய்தாள். ஆட்டத்துக்கு முதல் நாள், கொழுந்துக் கூடைக்குள்ளிருந்து ஒவ்வொருவனும் தன் ஜெர்சியை எடுத்துக் காட்டி, நாளைக்கு இறங்குபவர் யார் யார் என்று சொல்வான். ஆட்டத்துக்கு முன் எத்தனைக்கு எத்தனை என்று ஊகிக்கும் போட்டி. ஆட்டம் முடிந்ததும் சிறந்த ஆட்டக்காரனுக்கு வாக்கு. பிறந்த நாள் என்றால் ஒருவன் முகத்தில் பதினொரு பேர் கேக் பூசுவார்கள். பதினேழு மாதத்தில் 11,412 பேர் பின்தொடர்ந்தார்கள். பன்னிரண்டாயிரம் என்று செல்வராஜு எல்லாரிடமும் சொன்னது கொஞ்சம் கூடுதல்.

அந்த எண்ணைப் பத்மா தினமும் காலையில், கடைத் தார்ப்பாயைச் சுருட்டுவதற்கு முன் பார்ப்பாள். பார்த்துவிட்டுத் தன் எண்ணைப் பார்ப்பாள். தன் எண் நகராது. சோளம் அடுப்பில் ஏறும் வரை யாரோடும் பேச மாட்டாள்.

அவளும் ஒருமுறை வாக்கெடுப்பு வைத்துப் பார்த்தாள். நாளை யார் ஜெயிப்பார்கள் என்று கேட்டதற்கு ஒன்பது வாக்கு விழுந்தது. அதில் ஒன்று அவளுடையது. எதிர் அணிக்கு விழுந்த ஒரே வாக்கு லிங்கேஸ்வரன் விரல் தவறிப் போட்டது. ஒரு வாரம் அவருக்குச் சாயங்காலத் தேநீர் கிடைக்கவில்லை.

ஆனால் அவளை உண்மையில் புகைய வைத்தது 2023 மே மாதம் வந்த ஒரு காணொளி. துளசி லிங்கேஸ்வரனைக் கோல் கம்பங்களுக்கு நடுவில் நிறுத்தி, பழைய கையுறையை மாட்டச் சொல்லி, ஒரு பந்தைப் பாய்ந்து பிடிக்க வைத்திருந்தாள். ஐம்பத்திரண்டு வயதில் மனிதர் பாய்ந்தார், பிடித்தார், எழ முடியாமல் சிரித்தார். 61,000 பேர் பார்த்தார்கள். கடைக்கு ஸ்ட்ராபெரி வாங்க வந்த ஈப்போக் குடும்பம் ஒன்று போனைக் காட்டி, இவரைத் தெரியுமா என்று பத்மாவிடமே கேட்டது. இதே மனிதரின் படத்தை 2015இல், அவர் ஆடிய ஆண்டுகளின் விவரத்தோடு பத்மா போட்டிருந்தாள். அதற்கு விழுந்த லைக் 43.

வீட்டுக்கு வந்தால் அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை தடவதான் பாப்பீங்க?"

"இதான்லா ஏழாவது தடவ."

"இடுப்பு வலிக்குதுன்னு கேஸ் தோம்பு தூக்க மாட்டேன்னீங்க. டீச்சர் சொன்னா மட்டும் பாயுவீங்களா?"

"நீ பாயச் சொல்லவே இல்லியே பத்மா."

பத்மா போய்ப் பாத்திரத்தைத் தேய்த்தாள். பதில் இல்லாத கோபம் அவளிடம் நெடுநாள் தங்கும்.

ஜூலை 30ஆம் தேதி செல்வராஜு செயலவையைக் கூட்டினார். புது ஜெர்சி தைக்கக் கொடுக்க வேண்டும், முதுகில் எண்ணுக்கு மேலே குழுவின் கணக்குப் பெயர் அச்சாக வேண்டும், ஒன்றுக்குத்தான் இடம் இருக்கிறது. முகநூலா, டிக்டாக்கா என்பதை ஆகஸ்ட் 20 பொதுக்கூட்டத்தில் கை தூக்கி முடிவு செய்யலாம் என்றார். எது ஜெயிக்கிறதோ அதை நடத்துபவரே இரண்டையும் பார்த்துக்கொள்வார், மற்றவர் விலகிக்கொள்ள வேண்டும். ஆகஸ்ட் 13இல் இறுதி ஆட்டம். அதைப் பார்த்துவிட்டுச் சனங்கள் யோசிக்கட்டும் என்றும் சொன்னார். யோசிக்க என்ன இருக்கிறது என்று பின்வரிசையில் யாரோ சிரித்தது பத்மா காதில் விழுந்தது.

இறுதி ஆட்டம் கோலா தெர்லா விவசாயிகள் குழுவோடு. மூன்று மணிக்குத் தொடங்கியது. மூன்றரைக்கே பனி தேயிலைச் சரிவை விழுங்கிக்கொண்டு இறங்கிற்று. நடுக்கோட்டில் ஒரு பக்கம் துளசி முக்காலியில் போனை நிறுத்தி நேரலை ஓட்டிக்கொண்டிருந்தாள். பத்தடி தள்ளிப் பத்மா, ஒரு கையில் குடை, ஒரு கையில் போன். துளசியின் திரையில் வெறும் வெள்ளை. பத்மாவுக்கு அதில் ஒரு குளிர்ந்த திருப்தி. படம் காட்டுபவளுக்குப் படம் இல்லை. எழுதுகிறவளுக்கு எழுத்து இருக்கிறது. அந்த எழுத்துக்காகத் தன்னை வைத்துக்கொள்வார்கள் என்று நினைத்தாள்.

இரண்டாம் பாதி, இருபத்து மூன்றாம் நிமிடம். வடக்குக் கம்பத்துக்கு முன்னால் சுங்கை ரூசாவுக்கு ஒரு ப்ரீ கிக். பந்தை ஊன்றியது ஜீவன், ரஞ்சிதத்தின் மகன், குழுவின் நட்சத்திரம். அவன் நான்கு அடி பின்னால் போனதைப் பத்மா பார்த்தாள். அதற்குமேல் பனி மூடிக்கொண்டது. பந்து உதைபடும் சத்தம், கம்பம் அதிரும் சத்தம், பிறகு ஒரு பெரிய கூச்சல்.

வழக்கப்படி அவள் லிங்கேஸ்வரனுக்குக் காத்திருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்துத் துளசி போனிடம் சிரித்துப் பேசினாள். கோல் விழுந்துவிட்டது, யார் அடித்ததென்று எங்களுக்கே தெரியவில்லை, நீங்கள் சொல்லுங்கள் பார்க்கலாம் என்றாள். அவள் திரையில் பெயர்கள் மழை மாதிரி விழத் தொடங்கின. தெரியாததையே ஒரு விளையாட்டாக்கிவிட்டாள். பத்மாவுக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. இவள் கேட்டுக்கொண்டிருக்கட்டும், பதில் என்னிடமிருந்து போகட்டும் என்று நினைத்தாள். விரல் தானாக ஓடியது. 'கோல். 68ஆவது நிமிடம். நான்காம் லைன் ரஞ்சிதம் மகன் ஜீவன்.' பதிவு போன நேரம் 4:26.

லிங்கேஸ்வரன் வந்து சேர்ந்தபோது 4:29. ஜீவனின் பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியதாகவும், ஓடிவந்து தலையால் முட்டி உள்ளே போட்டது தர்மா என்றும் சொன்னார். ஆறாம் லைன் சுப்பன் மகன் தர்மா. பூப்பண்ணையில் வேலை செய்பவன், மூன்று வருடமாக மாற்று ஆட்டக்காரன், அதுவரை ஒரு கோலும் அடிக்காதவன். அவர் சொன்னது துளசிக்கும் கேட்டது. உடனே நேரலையில் சொன்னாள். பிறகு பத்மாவின் பதிவைப் பார்த்திருக்கிறாள். அதன் கீழே, 'அக்கா, அடிச்சது தர்மா. மாத்திடுங்க' என்று எழுதினாள்.

பத்மா பதிவைத் திருத்தவில்லை. துளசி எழுதிய அந்த வரியை அழித்தாள்.

ஏன் அழித்தாள் என்று பின்னால் அவளே பலமுறை யோசித்திருக்கிறாள். அந்தப் பதிவில் அதற்குள் 188 லைக் இருந்தது. அவ்வளவு வேகமாக அவளுக்கு எதுவும் விழுந்ததில்லை. அதன் கீழே, எல்லாரும் பார்க்க, துளசி அவளைத் திருத்தியிருந்தாள். ஆட்டம் முடியட்டும், நானே மாற்றிக்கொள்கிறேன் என்று அப்போது தனக்குச் சொல்லிக்கொண்டாள். ஆட்டம் ஒன்றுக்குப் பூஜ்யம் என்று முடிந்தது. கோப்பையோடு படம் எடுத்தார்கள். ஜீவனே வந்து, சித்தி, அது தர்மாவோட கோல், மாத்திடுங்க என்று சொல்லிவிட்டுப் போனான். அவள் தலையாட்டினாள். 5:20க்கு ஜொகூர் பாருவிலிருந்து சுப்பன் கீழே எழுதியிருந்தார். பாதுகாவலர் வேலை பார்ப்பவர், டிக்டாக் இல்லாதவர், பத்மாவின் பக்கத்தை மட்டுமே படிப்பவர். 'ஜீவனுக்கு வாழ்த்துகள். என் மகன் இறங்கினானா தங்கச்சி?'

அதையும் படித்தாள். இப்போது மாற்றினால் ஒரு வாரத்தில் வரும் வாக்கெடுப்பில் இதையே சொல்வார்கள் என்று தோன்றியது. போனைக் கைப்பைக்குள் போட்டாள்.

மறுநாள் திங்கள், காலை எட்டு மணிக்கு தர்மா கடை முன் மோட்டாரை நிறுத்தினான். பூப்பண்ணைக்குப் போகும் வழி. தலைக்கவசத்தைக் கழற்றவில்லை, கண்ணாடியை மட்டும் மேலே தள்ளினான்.

"அக்கா, அப்பாகிட்ட நேத்து சொன்னேன், நான் கோல் அடிச்சேன்னு."

"ம்."

"நம்ப மாட்டறாரு. பேஜ்ல ஜீவன்னு போட்டிருக்கு, ஏண்டா பொய் சொல்றேன்னு கேக்கறாரு. பத்து வருஷத்துல பத்மா ஒரு பேர தப்பா போட்டதில்லடா, நீ போடாத கோலுக்கு என்கிட்ட பேரு வாங்கப் பாக்கறியான்னு ஏசிட்டாரு."

"டீச்சர் வீடியோ காட்டலாமே தம்பி."

"அதுல என்னக்கா இருக்கு, வெள்ளையாதான் இருக்கு. டீச்சர் பேர சொன்னதயும் நம்ப மாட்டாரு. நீங்க சொன்னாதான் நம்புவாரு."

அவன் குரலில் குற்றச்சாட்டு இல்லை. அடுப்பில் சோளம் கொதித்து மூடியைத் தூக்கிக்கொண்டிருந்தது. இத்தனை நாள் அவள் எண்ணிப் பொருமியதெல்லாம் அங்கே எத்தனை பேர், இங்கே எத்தனை பேர் என்பதைத்தான். பெற்ற மகனின் வாயைவிடத் தன் எழுத்தை நம்பும் ஒரு மனிதர் இருக்கிறார் என்பது அந்தக் கணக்கில் வந்ததே இல்லை. பெருமைப்பட வேண்டிய செய்தி. அவள் அடுப்பை அணைத்துவிட்டுப் போனை எடுத்தாள்.

8:17க்குப் பதிவைத் திருத்தினாள். பிறகு அவன் எதிரிலேயே சுப்பனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, கோல் தர்மா போட்டதுதான். தலையால முட்டிப் போட்டான். நாந்தான் தப்பா போட்டுட்டேன்."



"எப்டிம்மா நீ தப்பா போடுவ?"

"பனிண்ணே. ஒண்ணும் தெரியல."

சுப்பன் அதை ஏற்றுக்கொண்டார். போனை மகனிடம் கொடுக்கச் சொன்னார். தர்மா கடைக்குப் பின்னால் போய்ப் பேசினான். வரும்போது கண்ணாடியை இறக்கிவிட்டிருந்தான்.

ஆகஸ்ட் 20, காலை பத்து மணி, கோயில் மண்டபம். வாக்குரிமை உள்ள உறுப்பினர் பதினெட்டுப் பேரும் வந்திருந்தார்கள். பத்மா எதிர்பார்த்ததற்கு நேர்மாறாகப் பேச்சு போயிற்று. தப்பு நடந்தது பனியால், யாருக்கும் நடக்கக்கூடியது, மறுநாளே திருத்திவிட்டாள், தானே போன் செய்து சொல்லியும் இருக்கிறாள் என்று செல்வராஜு சொன்னார். சுப்பனின் கதை அதற்குள் எல்லா லைனுக்கும் போயிருந்தது. மகன் சொல்லி நம்பாதவர் பத்மா சொல்லி நம்பினார் என்பதில் ஆட்களுக்கு ஒரு பெருமை. பதினோராயிரம் பேர் வேடிக்கை பார்ப்பார்கள், நம்புவதற்கு இந்தப் பக்கம்தான் என்றார் முருகையா, குழுவின் பழைய பயிற்சியாளர். பல தலைகள் ஆடின. பத்மா மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஜெர்சி முதுகில் தன் பக்கத்தின் பெயர் எந்த நிறத்தில் இருக்கும் என்றுகூட யோசித்துவிட்டாள்.

முருகையா துளசியின் பக்கம் திரும்பினார்.

"டீச்சர், ஒங்களுக்குத்தான் அப்பவே தெரியுமே. ஒரு வார்த்த பத்மாகிட்ட சொல்லியிருக்கலாம்லா. பத்தடி தூரம்தானே?"

துளசி பத்மாவைப் பார்த்தாள். ஒரு நொடிதான். பிறகு, கவனிக்காம விட்டுட்டேன் சார் என்றாள்.

பத்மா வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அன்று ஜெயித்திருப்பாள். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அவளை எழுப்பியது நேர்மை என்று சொல்பவர்கள் உண்டு. அது முழு உண்மை ஆகாது. எண்ணிக்கையில் துளசி மேல், இளமையில் அவள் மேல், பத்மா கட்டின புருஷனைக்கூட அவள்தான் பாய வைத்தாள். இப்போது பெருந்தன்மையிலும் அவளே மேலே போய் உட்கார்ந்துகொண்டு, ஒரு பொய்யால் தனக்குப் பக்கத்தைப் பிச்சையாகக் கொடுக்கிறாள். அது ஒன்றைப் பத்மாவால் விழுங்க முடியவில்லை.

"டீச்சர் சொன்னாங்க," என்றாள் பத்மா. "என் பதிவுக்குக் கீழயே எழுதினாங்க. நாந்தான் அழிச்சேன். பனி ஒண்ணும் பண்ணல. இவர் வந்து சொல்றதுக்குக் காத்திருக்கல நான். டீச்சருக்கு முந்திக்கணும்னு போட்டேன்."

முருகையா தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டார். லிங்கேஸ்வரன் மெதுவாக, மூணு நிமிசம்தான் பத்மா, நான் வந்துகிட்டுத்தான் இருந்தேன் என்றார். அவள் அழித்ததைவிட, தனக்குக் காத்திருக்காததுதான் அவருக்கு வலித்தது என்று தெரிந்தது.

வாக்கெடுத்தார்கள். டிக்டாக்குக்கு ஒன்பது கை. முகநூலுக்கு ஏழு. லிங்கேஸ்வரனும் செல்வராஜுவும் எந்தப் பக்கமும் தூக்கவில்லை.

அந்த ஏழில் ஒன்று பத்மாவின் கை. கூசாமல் தனக்கே தூக்கினாள். பத்து வருடம் நடத்தியவளுக்கு அந்த உரிமை உண்டு. எண்ணி முடித்துச் செல்வராஜு ஏட்டில் எழுதிக்கொண்டிருந்தபோதுதான் திரும்பிப் பார்த்தாள். இன்னும் கீழே இறங்காமல் நின்ற கடைசிக் கை துளசியுடையது.

மாற்றிக்கொடுக்கும் வேலை பத்து நிமிடத்தில் முடிந்தது. துளசி பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். பத்மா தன் போனில் அவள் பெயரைப் பொறுப்பாளராகச் சேர்த்து, கடவுச்சொல்லை அழுத்தி, 11:52க்குத் தன் பெயரை எடுத்தாள். அக்கா நீங்களும் இருங்களேன் என்று துளசி கேட்டதற்குத் தீர்மானப்படி ஒருவர்தான் என்று பதில் சொன்னாள்.

"எனக்கு எதுக்கு டீச்சர் கை தூக்கினீங்க?"

"நீங்க எழுதறது எனக்கு நல்லா இருக்கும்கா. நான் மொதல்ல ஆட்டம் பாக்க வந்ததே ஒங்க பேஜ படிச்சுட்டுத்தான்."

துளசி அதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பத்மா எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டாள். எதிராகக் கை தூக்கிய ஒன்பது பேரோடும் அந்த வாரமே பழையபடி பேசிவிட்டாள்; சோளம்கூடக் கொடுத்தாள். துளசியோடு பேசத்தான் அவளுக்கு நவம்பர் வரை ஆயிற்று.